மூக்கக்கா தலையாட்டினால் போதும்

பழைய துணியைக் கிழித்து நூலாக்குகிறார்கள் என்றால் யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். பழைய துணியைக் கரைத்துக் குழம்பாக்கி, வடிகட்டி, மாவாக்கி, அந்த மாவை உருக்கி, அரிசி போலக் குருணையாக்கி, அதிலிருந்து நூல் இழுக்கிறார்கள் என்றால்தான் 'அடேயப்பா' என்பார்கள். அந்த அடேயப்பாவுக்கு நடுவே, உலர்த்தும் அறைக்கும் உருக்கும் கொட்டகைக்கும் இடைப்பட்ட நடையில், ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தவள்தான் மூக்கக்கா.

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இல்லாமலில்லை. அது ஆலையின் வாசலோடு சரி. உள்ளே வந்துவிட்டால் மானேஜர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவள் மூக்கக்காதான்.

ஆலையின் வேலை இது. லாரி லாரியாகப் பழைய சட்டைகள், சீருடைகள், திரைச்சீலைகள், ஹோட்டல் படுக்கை விரிப்புகள் வந்து இறங்கும். எல்லாம் பாலியஸ்டரும் பருத்தியும் கலந்து நெய்தவை. எரித்தால் புகை, புதைத்தால் மக்காது. முன்கொட்டகையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பொத்தானையும் ஜிப்பையும் வெட்டி எடுப்பார்கள். நறுக்கிய துணி, மூடி போட்ட எஃகுக் கொப்பரைக்குள் போகும். உள்ளே கொதிக்கக் கொதிக்கக் கரைப்பான் இருக்கும். பார்க்கத் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும்; தொட்டால் எண்ணெய் போலக் கொஞ்சம் வழுக்கும். சர்க்கரையைத் தண்ணீர் கரைப்பது போல அது பாலியஸ்டரைக் கரைத்துவிடும், பருத்தியைத் தொடாது. பருத்தியை வடிகட்டிப் பிழிந்துவிட்டு, கரியில் ஓடவிட்டுச் சாயத்தைக் கழித்துவிட்டு, மிச்சத்தை ஆறவைத்தால், கரைந்துபோன பாலியஸ்டர் வெள்ளை மாவாக அடியில் இறங்கும். கரைப்பான் மறுபடி கொப்பரைக்கே போகும். மாவை ஸ்பிரிட்டில் கழுவி உலர்த்தும் அறையில் தட்டுத் தட்டாக அடுக்குவார்கள்.

இதுவரைக்கும் பயமில்லை. பயமெல்லாம் அடுத்த கொட்டகையில் இருந்தது. அங்கே உருக்கும் மிஷின் அடுப்பை விடப் பல மடங்கு சூட்டில் ஓடும். மாவில் கரைப்பான் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் அந்தச் சூட்டில் சட்டென்று ஆவியாகி, போக வழியில்லாமல், வந்த வழியே சீறிக்கொண்டு திரும்பும். மாவு முழுக்கக் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு கருவி இருக்கத்தான் செய்தது. அது பழுதாகி, ரிப்பேருக்குப் போய், வந்து, மறுபடியும் பழுதாகி, மானேஜரின் அலமாரியில் நிம்மதியாகத் தூங்கியது. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் பதில் வர அரை நாளாகும். அதுவரை மிஷின் சும்மா நிற்கலாமா? நிற்கக் கூடாதாம். கரைப்பானுக்கு லேசான இனிப்பு வாசனை உண்டு, வாசனை சோப்பின் காகிதத்தைப் பிரித்தது போல. ஆகவே நல்ல மூக்கு ஒன்று இருந்தால் போதும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு மூக்கை நம்பியா ஆலை நடத்துவது என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அங்கே யாரும் கேட்கவில்லை.

அந்த மூக்கு எப்படிக் கிடைத்தது என்பது ஒரு கூத்து. ஒருநாள் மதியம் மானேஜர் தன் சாப்பாட்டு டப்பாவோடு முன்கொட்டகையைத் தாண்டிப் போனார். பொத்தான் வெட்டிக்கொண்டிருந்த இவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சார், சாப்பாடு ஊசிப்போச்சு, சாப்பிட்டுடாதீங்க" என்றாள். டப்பா மூடியே திறக்கவில்லை! அவர் சிரித்துவிட்டுப் போய்த் திறந்து பார்த்தார். மறுநாளே பொத்தான் கத்தரியை வாங்கிக்கொண்டு ஸ்டூலைக் கொடுத்துவிட்டார்.

அதுவரை அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. பிறந்த வீட்டில் கடைசிப் பெண், புகுந்த வீட்டில் கடைசி மருமகள். வீட்டில் ஒரு காரியம் என்றால் முடிவு பண்ணிவிட்டுப் பிறகு அவளுக்குச் சொல்வார்கள், அதுவும் ஞாபகம் இருந்தால். இப்போதோ அவள் கையளவு மாவை அள்ளி, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடித் திறக்கும்வரை ஒரு கொட்டகையே காத்திருந்தது. தலையை மேலும் கீழும் ஆட்டினால் மாவு மூட்டை உருக்கும் கொட்டகைக்குப் போகும். பக்கவாட்டில் ஆட்டினால் திரும்ப உலர்த்தும் அறைக்கு. விருந்தாளிகள் வந்தால் மானேஜர் அவளை நிறுத்திக் காட்டி, "இவங்கதான் எங்க மீட்டர்" என்பார். மனுஷிக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

உருக்கும் மிஷினில் நின்றவனை நெட்டை என்று கூப்பிடுவார்கள். நிலைப்படிதோறும் குனிந்து குனிந்தே முதுகு வளைந்த ஆள். வாட்டசாட்டமாக இருப்பானே தவிரப் பூச்சியைக் கண்டால் ஓடுவான். மூட்டை தூக்க வரும்போதெல்லாம் அவள் முன்னால் நின்று, "என்னக்கா, உத்தரவு உண்டா?" என்று சலாம் போடுவான். "போடா போக்கிரி" என்று சொல்லித் தலையாட்டுவாள். கூடப்பிறந்தவர்கள்கூட அவளிடம் அத்தனை ஒட்டுதலாக இருந்ததில்லை.

இப்படி இருக்கும்போதுதான் காய்ச்சல் வந்தது. ஊரெல்லாம் வந்த காய்ச்சல்தான், எல்லோரும் படுத்து எழுந்தார்கள். இவளும் எழுந்து வேலைக்கு வந்து, உலர்த்தும் அறைக் கதவைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிட்டாள். கண்ணால் பார்த்தால் தட்டு நிறைய மாவு இருக்கிறது! அப்போதுதான் கழுவி வைத்த ஈர மாவு. அள்ளி முகர்ந்தாள். இன்னொரு பிடி அள்ளி முகத்தோடு தேய்த்துக்கொள்ளாத குறையாக முகர்ந்தாள். சுவரை முகர்ந்தது போலிருந்தது. ஸ்பிரிட் டப்பாவைத் திறந்தாள், மூக்கு சில்லென்று எரிந்ததே தவிர வாசனை என்று ஒன்று வரவில்லை.

'சளி இறங்கினால் சரியாகிவிடும்' என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். சளி இறங்கியது, மூக்கு திரும்பவில்லை. யாருக்கும் தெரியாமல் நாலு தெரு தள்ளி ஒரு டாக்டரிடம் போனாள். காய்ச்சலாலும் இருக்கலாம், இத்தனை வருஷம் அந்தக் கரைப்பானை முகர்ந்து முகர்ந்து வந்ததாகவும் இருக்கலாம் என்றார் அவர்.

"திரும்ப வந்துருமா டாக்டர்?"

"வரலாம். வராமயும் போகலாம். அவசரப்படாதீங்க."

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். அவசரம் மிஷினுக்கல்லவா!

அன்றே மானேஜரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அது அவளுக்கும் தெரியும். சொல்லத்தான் போனாள். அறை வாசலில் நின்றபோது முன்கொட்டகைப் பெண்கள் தலை குனிந்து பொத்தான் வெட்டுவது கண்ணில் பட்டது. அந்த வரிசையில் தான் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது வேறொருத்தி இருந்தாள். திரும்ப அங்கேயா? யாரும் எதுவும் கேட்காத இடத்துக்கா? உள்ளே போய், "சார், உலர்த்தும் அறைக் கதவு கீச்சுனு கத்துது, எண்ணெய் விடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். பயம்தான், வேறொன்றும் இல்லை. அவளைத் திட்டுவதற்கு ஆயிரம் பேர் வருவார்கள்; அந்த வாசலில் நின்றால் எத்தனை பேர் உள்ளே போய்ச் சொல்வார்களோ, எனக்குத் தெரியாது.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். உலர்த்தும் அறையில் தட்டு அடுக்கும் பெண்ணுக்கு வாயாடி என்று பெயர். பெயருக்கேற்ற பெண், தூக்கத்தில்கூடப் பேசுவாள் என்று அவள் புருஷனே சொல்வானாம். மூக்கக்கா ஒரு பிடி மாவை அள்ளித் தான் முகர்வது போல் முகர்ந்துவிட்டு, வாயாடியின் முகத்தருகே நீட்டினாள்.

"நீயும் கத்துக்கடி. சொல்லு பாப்போம், என்ன தோணுது?"

வாயாடிக்கு வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிக்கலாம் போலிருந்தது. "அக்கா, எனக்கா! என்னையா!" என்றாள். மூக்கைச் சுளித்து முகர்ந்து, "லேசா சோப்பு வாசனை வருதே?" என்பாள். "ம்ம், பரவால்ல, தேறிடுவ" என்று சொல்லி மூக்கக்கா தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவாள். "ஒண்ணும் இல்லக்கா" என்றால் மேலும் கீழும் ஆட்டுவாள். அவ்வளவுதான் விஷயம். ஆலை ஓடியது. மாவு சரியாகத்தான் போனது. வாயாடியோ, அக்காவுக்கு அடுத்து ஸ்டூல் தனக்குத்தான் என்று கண்ட இடத்திலெல்லாம் தம்பட்டம் அடித்தாள். கேட்கும்போதெல்லாம் மூக்கக்காவுக்குத் தொண்டையில் முள் மாட்டியது போலிருக்கும். ஆனாலும் நாள் ஓட ஓட அந்த முள்ளும் பழகிவிட்டது. மனுஷருக்கு எதுதான் பழகவில்லை?

அன்றைக்கு மழை. உலர்த்தும் அறையில் ஒரு விசிறி பாதியில் நின்று, மறுபடி ஓடியது. மூட்டைக்காக நெட்டை வந்து நின்றான். மூக்கக்கா மாவை அள்ளி முகர்ந்தாள்; வாயாடி பக்கம் நீட்டினாள். வாயாடி குனிந்து முகர்ந்து, "காஞ்சிருக்குக்கா" என்றாள். மூக்கக்கா விரலிடுக்கில் மாவைத் தேய்த்துப் பார்த்தாள். கொஞ்சம் ஒட்டியது போலிருந்தது, மழை ஈரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"உத்தரவா அக்கா?"

"போடா, எடுத்துட்டுப் போ" என்று தலையாட்டினாள்.

மாவு மிஷினின் வாயில் சரியாக இறங்கவில்லை. காய்ந்த மாவு மணல் போலப் பொலபொலவென்று இறங்கும். இது கட்டிபிடித்து நின்றது. நெட்டை ஒரு கம்பியை எடுத்துக் குத்திவிட்டான். கம்பி விடக்கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. எல்லா மிஷின்காரர்களும் விடுவார்கள், எல்லா மானேஜர்களும் கண்டும் காணாமல் போவார்கள். இரண்டாவது குத்தில் உள்ளிருந்து புஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. நடையில் ஸ்டூலில் இருந்தவளுக்கு அந்தச் சத்தமும், அதைத் தொடர்ந்து "அம்மா!" என்று ஒரு அலறலும் கேட்டன.

ஓடிப் போய்ப் பார்த்தபோது மிஷினை நிறுத்திவிட்டார்கள். நெட்டை தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தான், அவை வேறு யாருடைய கைகளோ என்பது போல. கழுத்தின் ஒரு பக்கம் செக்கச் செவேலென்று இருந்தது. தண்ணீர் ஊற்றினார்கள். அவன் இவளைப் பார்த்து, "ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமில்ல, நீங்க பயப்படாதீங்க" என்றான். பல்லெல்லாம் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது.

மறுநாள் ஆலை முழுக்க ஒரே பேச்சு: நெட்டை கம்பி விட்டான், சூட்டை வேறு ஏற்றி வைத்திருந்தான், அவன் மேல்தான் தப்பு. மானேஜர் எல்லோரையும் கூட்டி, "எத்தனை தடவை சொல்லியிருக்கேன், கம்பி விடாதீங்கன்னு" என்று கத்தினார். அவனை வேலையை விட்டு எடுக்கப் போகிறார்கள் என்று வாட்ச்மேன் சொன்னார். மிஷினைக் கெடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டவன் என்று பெயர் வாங்கினால் வேறு எந்த ஆலையில் நிறுத்துவார்கள்? மூக்கக்காவும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பப் பார்த்தாள். கம்பி விட்டது உண்மைதானே? வாயாடி முகர்ந்து காய்ந்திருக்கிறது என்று சொன்னதும் உண்மைதானே?

அந்த நம்பிக்கை மத்தியானம் வரைதான் நின்றது. கை கழுவும் இடத்தில் வாயாடி வந்து பக்கத்தில் நின்றாள். கண் வீங்கியிருந்தது, மூக்கு சிவந்திருந்தது.

"அழுதியாடி?"

"அழுகையும்தான், சளியும்தான். மூணு நாளா மூக்கு அடைச்சிட்டுக் கெடக்கு. நேத்து நீங்க மாவ நீட்டினப்ப ஒரு எழவும் தெரியலக்கா. சோதிக்கத்தானே கேக்குறீங்கன்னு ஏதோ ஒண்ணு சொல்லி வெச்சேன். நான் சொல்றத வெச்சா மூட்டை போகுது! நல்லவேளை, நீங்க பாத்தீங்க. இல்லன்னா இன்னைக்கு அவன் நெலமைக்கு நான்தான் காரணம்னு தூக்கு மாட்டிட்டிருப்பேன்."

மூக்கக்கா குழாயை மூடினாள். திரும்பத் திறந்தாள். பேயறைந்தது போல நின்றவளைப் பார்த்து, "என்னக்கா, தலை சுத்துதா?" என்று வாயாடி கையைப் பிடித்தாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள்.

மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நீளமான வார்டு, பச்சைத் திரை, ஜன்னலோரக் கட்டில். நெட்டையின் இரண்டு கைகளும் முழங்கை வரை கட்டுப் போட்டுத் தலையணை மேல் கிடந்தன. கால் கட்டிலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவன் பெண்டாட்டி எழுந்து, "உக்காருங்க அண்ணி" என்று தன் நாற்காலியைக் கொடுத்தாள்.

"அக்கா, மானேஜர் வந்தாரு. மாவு ஈரமா இருந்துச்சான்னு கேட்டாரு. அக்கா பாத்து அனுப்பின மாவு சார், அதுல ஈரம் இருக்க வாய்ப்பே இல்ல, கம்பி விட்டது என் தப்புதான்னு சொல்லிட்டேன். உங்களுக்கு ஒரு கெட்ட பேரும் வராது. நீங்க அத நெனச்சுக் கவலைப்படாதீங்க."

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சொல்லிவிட்டாள். தனக்கு வாசனையே தெரியாது, காய்ச்சலுக்குப் பிறகு தெரியாது, வாயாடியைக் கேட்டுக் கேட்டுத்தான் தலையாட்டினேன், அன்றைக்கு அவளுக்கும் தெரியவில்லை என்று ஒன்று விடாமல் சொன்னாள்.

நெட்டை அவளைப் பார்த்தான். பிறகு சிரித்தான். கழுத்துப் புண் இழுத்து, 'ஸ்' என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரித்தான்.

"பாத்தியா, எனக்கு வேலை போயிடக் கூடாதுன்னு அக்கா எப்படிக் கதை கட்டுறாங்க! மூடின டப்பாவுக்குள்ள சாப்பாடு ஊசினத சொன்ன ஆளு! வேணாம்க்கா. எனக்காகப் பொய் சொல்லி உங்க பேரைக் கெடுத்துக்காதீங்க."

பெண்டாட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. "கூடப் பிறந்தவங்ககூட இப்படிச் செய்ய மாட்டாங்க அண்ணி" என்று இவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இதைவிட ஓங்கி அறைந்திருக்கலாம்.

மறுநாள் மானேஜரிடம் போனாள். அவர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் இறுகியது. ஒரு மூக்கின் மேல் தப்பென்றால், மூக்கை ஸ்டூலில் உட்கார வைத்தவர் யார் என்ற கேள்வி வருமல்லவா? அலமாரியில் தூங்கும் கருவியும் எழுந்து வருமல்லவா? மனுஷன் பலே ஆள். இரண்டு கிண்ணத்தில் ஈர மாவும் காய்ந்த மாவும் கொண்டுவரச் சொன்னார்.

"மோந்து சொல்லுங்க. எது ஈரம்?"

முகர்ந்தாள். "தெரியல சார்."

"தெரியலன்னு யார் வேணாலும் சொல்லலாம்மா. உங்களுக்கு இளகின மனசு, புரியுது. போய் வேலையப் பாருங்க."

எப்படி இருக்கிறது கதை! முன்பெல்லாம் ஒரு பிடி மாவை முகர்ந்தால் ஊரே நம்பியது. இப்போது இல்லாததை இல்லை என்று சொன்னால் ஒரு ஜீவனும் நம்பவில்லை. தெரியும் என்பதைக் காட்டிவிடலாம், தெரியாது என்பதை எப்படிக் காட்டுவது?

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் புருஷன் முன்னால் உடைந்து அழுதாள். அவர் டாக்ஸி ஓட்டுகிறவர், அதிகம் பேசாதவர். முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"நான் ஒண்ணு சொன்னா திட்ட மாட்டியே?"

"இனிமே யாரைத் திட்ட எனக்கு யோக்கியதை இருக்கு? சொல்லுங்க."

"நான் மறுபடி சிகரெட் பிடிக்கிறேன். வீட்டுக்குள்ளயேதான். நீ அடுப்பங்கரைல இருக்கும்போது நான் இந்த நாற்காலில உக்காந்து பிடிப்பேன். முன்னாடியெல்லாம் தெருமுனைல யாராவது பத்த வெச்சாலே என் சட்டையைப் பிடிப்ப. இப்ப ஒரு வார்த்தை கேக்கல. சரி, வயசாச்சு, போனாப் போகுதுன்னு நீ விட்டுட்டன்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தி, "சந்தோஷமாக்கூட இருந்துச்சு" என்றார்.

அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து, மறுபடி அழுது, "படுபாவி மனுஷா" என்று அவர் தோளில் ஒரு அடி போட்டாள்.

மறுநாள் புருஷனே டாக்ஸியில் அவளை ஆலைக்குக் கூட்டிப்போனார். விபத்தை விசாரிக்க வெளியிலிருந்து ஒரு அதிகாரி அம்மாள் வந்து மானேஜர் அறையில் உட்கார்ந்திருந்தார். மானேஜர், "இவங்க ரொம்ப நல்லவங்க மேடம், அந்தப் பையனைக் காப்பாத்தணும்னு..." என்று ஆரம்பித்தார். அதிகாரி அம்மாள் கையமர்த்திவிட்டு இவளைப் பேசச் சொன்னார். இவள் பேசினாள். புருஷன் வேர்த்து விறுவிறுத்துத் தன் சிகரெட் கதையைச் சொன்னார். அதிகாரி அம்மாள் சிரிக்கவில்லை.

"அந்த உலர்த்தும் அறைப் பொண்ணைக் கூப்பிடுங்க."

வாயாடி வந்தாள். "மாவு மூட்டை போறதுக்கு முன்னாடி இவங்க உங்ககிட்ட என்ன கேப்பாங்க?" என்று அதிகாரி அம்மாள் கேட்டார்.

"என்ன தோணுதுன்னு கேப்பாங்க மேடம். எனக்குக் கத்துக் குடுக்குறாங்கல்ல!"

"எப்ப இருந்து?"

"அக்காவுக்குக் காய்ச்சல் வந்து தேறினதுல இருந்து."

"நீங்க ஈரம்னு சொல்லி, இவங்க காஞ்சிருக்குன்னு அனுப்பினது உண்டா? இல்ல, நீங்க காஞ்சதுன்னு சொன்னத இவங்க நிறுத்தினது?"

வாயாடி வாயைத் திறந்தாள். மேலே பார்த்து யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் முகம் வெளிறிவிட்டது. "ஒரு தடவைகூட இல்ல" என்று மெல்லச் சொன்னாள். பிறகு மூக்கக்காவைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப... தினமும்... நான் சொன்னத வெச்சா?" வாயாடி பேச்சற்று நின்றதை அந்த ஆலை அன்றுதான் பார்த்தது.

அன்றைக்கே அலமாரிக் கருவி வெளியே வந்தது. மானேஜரிடம் அதிகாரி அம்மாள் கேட்ட கேள்விகள் நடை வரை கேட்டன. நெட்டையின் மேல் தப்பில்லை, மாவில் ஈரம் இருந்ததால்தான் கட்டிபிடித்தது, கை ஆறியதும் வேலைக்கு வரலாம் என்று முடிவாயிற்று. மூக்கக்காவின் கதை பிறகு முடிவாகும், அதுவரை வீட்டில் இருக்கட்டும் என்றார்கள். அவளுக்கு அது உறைக்கவே இல்லை. எதையோ இறக்கி வைத்தது போல இருந்தது. புருஷனை ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்பச் சொன்னாள். நெட்டையின் வேலை பிழைத்தது, அதை அவள் தன் வாயால் சொல்ல வேண்டும். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடினாள்.

ஆனால் செய்தி அவளை முந்திக்கொண்டு போயிருந்தது. வார்டு வாசலிலேயே நெட்டையின் பெண்டாட்டி மாத்திரைச் சீட்டோடு எதிரே வந்தாள். இவளைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றாள். "இருக்காரு" என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்துக்கடைப் பக்கம் போய்விட்டாள்.

நெட்டை ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தான். இவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தம்பி, உன் மேல தப்பில்லன்னு சொல்லிட்டாங்கடா."

"சொன்னாங்க. மானேஜர் போன் பண்ணாரு."

அவன் திரும்பவில்லை. திரை காற்றில் ஆடியது. பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

"அப்ப நெஜமாத்தானா அக்கா?"

"நெஜம்தான்டா."

"அந்தக் காய்ச்சல்ல இருந்து?"

"ஆமா."

"நான்தான அந்த மிஷின்ல நின்னேன். தினமும்." அவன் குரலில் கோபமே இல்லை. ஒரு கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கிறவன் போலக் கேட்டான். "வேற யாரும் இல்லையே, நான்தான?"

"நீதான்டா."

அவள் சொல்ல நினைத்து வந்த வார்த்தைகளெல்லாம் எங்கோ போய்விட்டன. மன்னித்துக்கொள் என்று கேட்கலாம். கேட்டால் அவன் சரி என்பான், அவன் சுபாவம் அப்படி. அதனாலேயே கேட்க வாய் வரவில்லை. அவன் உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டான். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"தண்ணி வேணுமாடா?"

மேசை மேலிருந்த கூஜாவிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். ஒரு கையால் அவன் பின்கழுத்தைப் புண்ணில் படாமல் தாங்கி, மறு கையால் டம்ளரை அவன் வாயருகே கொண்டுபோனாள். அவன் டம்ளரைப் பார்த்தான். தண்ணீரைப் பார்த்தான். கட்டுப் போட்ட கைகள் தலையணை மேல் ஒருமுறை அசைந்து, தாமாகப் பிடிக்க முடியாமல், திரும்ப அடங்கின. வாயை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் தலையணையின் மறுபக்கம் சாய்த்தான்.

"அவ வரட்டும்" என்றான்.

அவள் டம்ளரை மேசை மேல் வைத்துவிட்டு, அவன் பெண்டாட்டி வரும்வரை அங்கேயே நின்றிருந்தாள்.